ஆளுநர் கையெழுத்து, ஆளுநர் நிலம்

1722-ஆம் ஆண்டு, வர்ஜீனியாவின் துணை ஆளுநர் பதவியிலிருந்து இறங்கும் தறுவாயில், அலெக்சாண்டர் ஸ்பாட்ஸ்வுட் பல நிலப் பட்டாக்களில் கையெழுத்திட்டார். அவற்றுள் ஒன்று 40,000 ஏக்கருக்கானது. பட்டாவில் இருந்தவை மூன்று பேரின் பெயர்கள். கொஞ்ச காலத்தில் அந்த மூவரும் நிலத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுத்தார்கள். அந்த வேறொருவர், பட்டாவில் கையெழுத்துப் போட்ட அதே ஸ்பாட்ஸ்வுட். இப்படியும் வேறு வழிகளிலும் அவர் சேர்த்த நிலம் மொத்தம் 80,000 ஏக்கருக்கு மேல். நம் ஊர்க் கணக்கில் ஒரு சிறிய தாலுகா.

இதே மனிதர்தான் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வர்ஜீனியாவில் வந்து இறங்கியபோது, உள்ளூர்ப் பெருநிலக்காரர்கள் அரசரின் நிலத்தைச் சுருட்டுகிறார்கள், வரி கட்டாமல் ஏய்க்கிறார்கள் என்று லண்டனுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதியவர். சீர்திருத்தக்காரர் எப்படி நிலச் சுவான்தார் ஆனார் என்ற கேள்வியை அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டுவருகிறார்கள். சிலருக்கு அவர் தொலைநோக்குடைய ஆட்சியாளர். நிலம் ஒரு சறுக்கல். சிலருக்கு அவர் தொடக்கத்திலிருந்தே வேட்டைக்காரர்; சீர்திருத்தம் வெறும் வேஷம். இரண்டு பதிலும் ஆளைப் பார்க்கின்றன, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம். அந்த நாற்காலியிலிருந்து தொடங்குவோம்.

வர்ஜீனியாவில் நிலம் கிடைக்கும் முறை 1618-இலிருந்தே ஏறக்குறைய ஒன்றுதான். கடல் கடந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். தானே வந்தாலும் சரி, கூலியாளைக் கொண்டுவந்தாலும் சரி, பின்னாளில் ஆப்பிரிக்க அடிமையை வாங்கிவந்தாலும் சரி. காகிதத்தில் இது குடியேற்றத்தை வளர்க்கும் திட்டம். நடைமுறையில், ஒரே ஆளின் வருகையைக் கப்பல் முதலாளி ஒரு தடவை, கப்பல் தலைவர் ஒரு தடவை, அவரை வேலைக்கு எடுத்தவர் ஒரு தடவை எனக் கணக்குக் காட்டினார்கள். செயலர் அலுவலகத்து எழுத்தர்கள் இந்தத் தலைக்கணக்கைச் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். 1699-க்குப் பிறகு அந்தப் பாசாங்கும் தேவைப்படவில்லை. 50 ஏக்கருக்கு 5 ஷில்லிங் கருவூலத்தில் கட்டினால் போதும். பட்டா வாங்கியவர் ஆண்டுதோறும் 100 ஏக்கருக்கு 2 ஷில்லிங் அரசருக்கு நிலவரி செலுத்த வேண்டும். மூன்று ஆண்டுக்குள் அங்கே ஒரு குடிசையாவது கட்டிக் கொஞ்சம் பயிரிட வேண்டும். தவறினால் நிலம் பறிபோகும்.

பறிப்பது யார்? ஆளுநரும் அவருடைய ஆலோசனைக் குழுவும். பன்னிரண்டு பேர் அளவிலான அந்தக் குழுதான் காலனியின் மேலவை, உயர் நீதிமன்றம், நிர்வாக சபை எல்லாம். பெரிய பட்டாக்கள் அங்கேதான் முடிவாகும். நிலவரியை வசூலிப்பவரும் அந்த வசூலைத் தணிக்கை செய்பவரும் அந்தக் குழுவில்தான் இருப்பார்கள். வில்லியம் பேர்ட் என்ற லண்டன்காரர் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் வசூல், தணிக்கை இரண்டு பொறுப்பையும் ஒன்றாகவே வைத்திருந்தார். தான் வசூலித்ததைத் தானே தணிக்கை செய்துகொண்டார் என்று பொருள். 1704-இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்றது 26,000 ஏக்கர் அளவு. அவருடைய மகன், இரண்டாம் வில்லியம் பேர்ட், அதை 1,79,000 ஏக்கராகப் பெருக்கினார். பொட்டோமாக் நதிக்கும் ராப்பகானக் நதிக்கும் இடையே ஃபேர்ஃபாக்ஸ் குடும்பத்துக்குச் சொந்தமான பெரும்பகுதிக்கு முகவராக இருந்த ராபர்ட் கார்ட்டர், அந்தப் பகுதியில் பட்டா கொடுக்கும் அதிகாரத்தைத் தன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தாராளமாகப் பயன்படுத்தினார். 1732-இல் அவர் இறந்தபோது சொத்து 3,00,000 ஏக்கர் அளவு. ஊரார் அவரை 'ராஜா' கார்ட்டர் என்றே அழைத்தார்கள்.

இது வர்ஜீனியாவின் தனிப் பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. நியூயார்க்கில் 1692-இல் ஆளுநராக வந்த பெஞ்சமின் ஃபிளெட்சர் வேண்டியவர்களுக்கெல்லாம் நதிக்கரைகளை வாரிக்கொடுத்தார். அடுத்து வந்த பெல்லமாண்ட் பிரபு அவற்றில் சிலவற்றை 1699-இல் சட்டம் போட்டு ரத்து செய்ய வேண்டியிருந்தது. அதற்கும் பின் வந்த கார்ன்பரி பிரபுவின் காலத்தில், 1708-இல், ஹார்டன்பர்க் பட்டா என்ற ஒரே ஆவணத்தில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் கைமாறியது. டார்பிஷயரில் பிறந்து நியூயார்க்கில் வணிகம் செய்யப் போன கேலப் ஹீத்கோட், 1701-இல் ஸ்கார்ஸ்டேல் என்ற பண்ணை உரிமையைப் பெற்றார், நகர மேயரானார், பின்பு சுங்கத் துறையின் உயர் அதிகாரியும் ஆனார். நியூ ஹாம்ப்ஷயரின் பென்னிங் வென்ட்வொர்த் இன்னும் முறையானவர். 1749 முதல் இன்றைய வெர்மான்ட்டில் ஊர் ஊராகப் பட்டா வழங்கினார். ஒவ்வோர் ஊரிலும் தனக்கென 500 ஏக்கர் ஒதுக்கிக்கொண்டார். முதல் ஊருக்குத் தன் பெயரையே வைத்தார்: பென்னிங்டன். அந்த நிலப்பகுதி தன் காலனியைச் சேர்ந்ததா என்ற வழக்கு ஒருபக்கம் நடந்துகொண்டே இருந்தது.

சரி, ஸ்பாட்ஸ்வுட்டுக்கு வருவோம். அவர் பிறந்தது 1676-இல், மொராக்கோவின் டான்ஜியரில். அது அப்போது ஆங்கிலேயர் கையிலிருந்த துறைமுகம்; தந்தை அங்கிருந்த படைக்கு மருத்துவர். வம்சம் ஸ்காட்லாந்தின் பெரிய வம்சம், ஆனால் அடிபட்ட வம்சம். கொள்ளுத்தாத்தா தலைமைப் பேராயர். தாத்தா சர் ராபர்ட், உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்றதற்காக 1646-இல் தலையை இழந்தவர். பேரனிடம் மிஞ்சியது பெயர் மட்டும்தான். 1693-இல் ஆங்கிலப் படையில் சேர்ந்தார். 1704-இல் பிளென்ஹைம் போரில் காயம்பட்டார். 1708-இல் ஊடனார்டில் சிறைபிடிக்கப்பட்டு மீண்டார். படைக்குத் தானியமும் வண்டியும் ஏற்பாடு செய்யும் பிரிவில் உயர்ந்தார். கணக்கும் வரைபடமும் சாலையும் பழகிய கை. இது பின்னால் முக்கியமாகிறது.

1710-இல் வர்ஜீனியா கிடைத்தது, ஆனால் முழுதாகக் கிடைக்கவில்லை. ஆளுநர் என்ற பட்டம் ஆர்க்னி பிரபுவிடம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆளுநராக இருந்தும் ஆர்க்னி ஒருநாளும் வர்ஜீனியாவில் கால்வைக்கவில்லை. சம்பளத்தில் பெரும்பங்கை அவர் லண்டனிலிருந்தே எடுத்துக்கொள்வார். மீதிக்குத் துணை ஆளுநர் கடல் தாண்டிப் போய் உழைக்க வேண்டும். இந்தப் பதவியில் நிரந்தரம் கிடையாது. லண்டனில் காற்று மாறினால் ஒரு கடிதத்தில் வேலை போய்விடும். ஓய்வூதியம் கிடையாது. பதவி போன பின்பும் கையில் நிற்கக்கூடிய ஒரே பொருளாக அங்கே இருந்தது நிலம்.

இந்த நிலையில் வந்தவர் முதலில் செய்தவை, நியாயமாகச் சொன்னால், நேர்மையான காரியங்கள்தான். யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது என்பதற்கான ஒழுங்கான பதிவேடு வேண்டும் என்றார். பயிரிடாத நிலத்தைப் பறிக்கும் விதியை இறுக்கினார். நிலவரி வசூல் முறையை மாற்றப் பார்த்தார். வசூல் அதிகாரி இரண்டாம் வில்லியம் பேர்டும் தணிக்கை அதிகாரி ஃபிலிப் லட்வெலும் பகைவர்கள் ஆனார்கள். 1713-இல் புகையிலைச் சட்டம் கொண்டுவந்தார். ஏற்றுமதிக்கு முன் எல்லாப் புகையிலையும் அரசுக் கிடங்குகளில் சோதிக்கப்பட வேண்டும். குப்பைப் புகையிலை கப்பலேறி விலையைக் கெடுக்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் அதை நிறைவேற்ற ஸ்பாட்ஸ்வுட் கையாண்ட வழியைக் கவனிக்க வேண்டும்: மக்கள் பேரவை உறுப்பினர்கள் பலருக்குக் கிடங்கு அதிகாரி வேலை கொடுத்தார். அடுத்த தேர்தலில் வாக்காளர்கள் அவர்களில் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1715-இல் கூடிய புதிய பேரவையை ஸ்பாட்ஸ்வுட் வாயில் வந்தபடி திட்டிவிட்டுக் கலைத்தார். 1717-இல் லண்டன் அந்தச் சட்டத்தையும், பூர்வகுடிகளுடன் வணிகம் செய்ய அவர் அமைத்த ஏகபோக நிறுவனத்தின் சட்டத்தையும் சேர்த்தே தள்ளுபடி செய்தது. புகையிலைச் சோதனை 1730-இல் வில்லியம் கூச் என்ற வேறொரு துணை ஆளுநரின் கையால்தான் நிலைத்தது.

இங்கே ஒரு குணம் தெரிகிறது. கொள்கையும் ஆதாயமும் இவருக்கு எதிரெதிர்ப் பொருள்கள் இல்லை. சட்டம் ஓட வேண்டுமானால் அதில் நாலு பேருக்குப் பங்கு இருக்க வேண்டும் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. அந்த நாலு பேரில் தானும் ஒருவராக இருப்பதில் தவறென்ன என்று கேட்கும் இடத்துக்கு அங்கிருந்து அதிகத் தொலைவு இல்லை.

1714-இல் ஜெர்மனியின் சீகன் பகுதியிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். சுரங்க வேலை தெரிந்த குடும்பங்கள். வெள்ளிச் சுரங்கம் தோண்டலாம் என்ற கனவில் சுவிஸ் பிரபு டி கிராஃபன்ரீட் ஏற்பாடு செய்த ஆட்கள். ஸ்பாட்ஸ்வுட்டும் அந்த முயற்சியில் கூட்டாளி. அவர்களைக் காலனியின் மேற்கு விளிம்பில், ராப்பிடான் நதியின் வளைவில், ஐந்து மூலைக் கோட்டை கட்டிக் குடியேற்றினார். ஊருக்குப் பெயர் ஜெர்மானா. அரசுக்குச் சொன்ன காரணம் எல்லைக் காவல்: பூர்வகுடிகள் தாக்கினால் முதலில் தடுக்க ஒரு வேலி. வேலிக்கு வரிவிலக்கும் பேரவையிடம் கேட்டு வாங்கினார். வேலிக்குள்ளே யாருடைய நிலம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளி கிடைக்கவில்லை; இரும்பு கிடைத்தது.

1717-இல் இரண்டாவது கூட்டம், ஏறத்தாழ எண்பது பேர். இவர்கள் பென்சில்வேனியா போகக் கிளம்பியவர்கள். கப்பல் தலைவர் லண்டனில் கடனுக்குச் சிறைப்பட்டார், பயணக் காசு கரைந்தது, கப்பல் கடைசியில் வர்ஜீனியாவில் போய் நின்றது. பயணக் கடனை ஏற்றுக்கொண்ட ஸ்பாட்ஸ்வுட்டுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகள் ஆனார்கள். தார் எடுப்பது, திராட்சை நடுவது, காடு வெட்டுவது எனப் பல வேலைகள். ஒப்பந்தம் முடியும் வேளையில், அவர்கள் இன்னும் கடன்பட்டிருக்கிறார்கள் என்று ஸ்பாட்ஸ்வுட் நீதிமன்றத்தில் ஒவ்வொருவராக வழக்குப் போட்டார். அந்த ஜெர்மானியர்களுக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. தங்கள் ஒப்பந்தத்தின் நகலைக்கூட அவர் தரவில்லை என்று ஆலோசனைக் குழுவிடம் முறையிட்டார்கள்.

இந்த இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே, 1716 ஆகஸ்டில், அவருடைய பெயரைப் பாடப்புத்தகங்களில் நிறுத்திய பயணம் நடந்தது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள், கனவான்களும் காவலர்களும் வழிகாட்டிப் பூர்வகுடிகளும், ஜெர்மானாவிலிருந்து புறப்பட்டு ப்ளூ ரிட்ஜ் மலையைக் கடந்து ஷெனண்டோவா நதிக்கரைக்குப் போனார்கள். கடலோர வர்ஜீனியாவில் மண் மென்மையானது. குதிரைக்கு லாடம் அடிக்கும் வழக்கம் அதிகமில்லை. மலைக்காக லாடம் அடித்துக்கொண்டு கிளம்பினார்கள். கூடவே போன ஜான் ஃபோன்டேன் என்ற இளைஞர் நாட்குறிப்பு எழுதினார். மிக நல்ல நாட்குறிப்பு. கனவான்களின் அசட்டுத்தனம் எதையும் மறைக்காதது. உச்சியில் அரசரின் பெயரைப் பாறையில் செதுக்க ஆளுநர் உளி கொண்டுபோயிருந்தார். பாறை இடம் கொடுக்கவில்லை. நதிக்கரையில் ஒரு காகிதத்தில், இந்த இடம் முதலாம் ஜார்ஜ் மன்னருக்குச் சொந்தம் என்று எழுதிப் பாட்டிலில் அடைத்துப் புதைத்தார்கள். பிறகு குடித்தார்கள். அரசரின் நலத்துக்கு ஷாம்பெயின், ஒரு துப்பாக்கி வெடி. இளவரசிக்கு பர்கண்டி, ஒரு வெடி. அரச குடும்பத்தின் மீதிப்பேருக்கு கிளாரெட், ஒரு வெடி. அதற்குப் பிறகு ஆளுநருக்கு. கொண்டுபோன மதுவகைகளின் பட்டியலை ஃபோன்டேன் எழுதிவைத்திருக்கிறார். ஐரிஷ் விஸ்கி, பிராந்தி, இரண்டு வகை ரம், செர்ரி பஞ்ச், சைடர் என்று அது நீள்கிறது. திரும்பிய பின் கூட வந்தவர்களுக்கு ஸ்பாட்ஸ்வுட் தங்க லாடப் பதக்கம் கொடுத்தார் என்று ஹ்யூ ஜோன்ஸ் என்ற பாதிரியார் 1724-இல் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அதைப் பிடித்துக்கொண்டு 'தங்க லாட வீரர்கள்' என்று நாவலே எழுதிவிட்டது.

மலையைக் கடந்த முதல் ஐரோப்பியர் இவர் என்ற பழைய கூற்று நிற்காது. ஜான் லெடரர் என்ற ஜெர்மானியர் 1669-70-இலேயே ப்ளூ ரிட்ஜை எட்டியிருந்தார்; 1671-இல் பேட்ஸும் ஃபாலமும் இன்னும் தெற்கே மலைத்தொடரைத் தாண்டியிருந்தார்கள். பூர்வகுடிகளுக்கு அந்தக் கணவாய்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிய போக்குவரத்து வழி. பயணத்தின் உண்மையான பலன் வேறு. மலையடிவாரம் வரை எந்த மண் வளமானது, எங்கே நதி இறங்குகிறது, எங்கே இரும்புக்கல் தெரிகிறது என்பதை ஆளுநர் தன் கண்ணால் பார்த்துவிட்டார். படைக்கு வழியும் தீவனமும் தேடிப் பழகிய கண் அது.

கருந்தாடிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்தது அதுதான். 1718 நவம்பர் 22-ஆம் தேதி, வட கரோலினாவின் ஓக்ரகோக் தீவருகே, கடற்படை லெப்டினன்ட் ராபர்ட் மேனார்ட் கருந்தாடி என்ற கடற்கொள்ளையன் எட்வர்ட் டீச்சைக் கொன்று தலையைக் கப்பல் முனையில் தொங்கவிட்டுத் திரும்பினார். அனுப்பியவர் ஸ்பாட்ஸ்வுட். அது அவருடைய ஆட்சி எல்லைக்குள் வரும் நீர் இல்லை. பக்கத்துக் காலனியின் ஆளுநரைக் கேட்கவும் இல்லை. தன் ஆலோசனைக் குழுவிடமே மூச்சு விடவில்லை. வீரம் என்பார்கள். அதே ஆண்டு பேரவை அவர்மேல் குற்றச்சாட்டுகளை அடுக்கி அவரை நீக்கும்படி அரசருக்கு மனுப் போட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வில்லியம்ஸ்பர்க்கில் கட்டிக்கொண்டிருந்த ஆளுநர் மாளிகையின் செலவு அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. தேவாலயத்தின் தலைமைப் பாதிரியார் ஜேம்ஸ் பிளேரும் எதிர்ப்பக்கம். பிளேர் அதற்கு முன்பே ஆளுநர்களைக் கவிழ்த்துப் பழகியவர்.

இரண்டே ஆண்டில், 1720-இல், பகைவர்கள் எல்லாரும் சமாதானம் ஆனார்கள். வரலாற்று நூல்கள் இதை அரசியல் முதிர்ச்சி என்று கடந்துபோகின்றன. இந்த இடம்தான் கேள்வியின் மையம் என்று எனக்குப் படுகிறது. அந்த ஆண்டின் இறுதியில் கூடிய பேரவை இரண்டு புதிய மாவட்டங்களை உருவாக்கியது. தெற்கே பிரன்ஸ்விக், மேற்கே ஸ்பாட்சில்வேனியா. இரண்டாவதன் பெயர் ஸ்பாட்ஸ்வுட் பெயரின் பாதியும், காட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் சேர்ந்தது. தேவாலயம், நீதிமன்றம், சிறை கட்ட 500 பவுண்டு. குடியேறுபவர்களின் துப்பாக்கிக்கும் மருந்துக்கும் 1,000 பவுண்டு. இவற்றைவிடப் பெரிது, இந்த மாவட்டங்களில் நிலம் எடுப்பவர்களுக்குப் பத்து ஆண்டு நிலவரி வேண்டாம், கருவூலத்தில் கட்டும் 5 ஷில்லிங்கும் வேண்டாம் என்று அரசரிடம் கேட்ட விண்ணப்பம். மேற்கில் பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள், கணவாய்களைக் காக்கக் குடியேற்றம் தேவை என்பது காரணம். காரணம் பொய்யில்லை. லண்டன் ஏழு ஆண்டு விலக்கு கொடுத்தது. ஆளுக்கு 1,000 ஏக்கருக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையோடு 1723-இல் அந்த ஆணை வந்தது. அதற்குள் ஸ்பாட்ஸ்வுட்டின் பட்டாக்கள் எழுதி முடிந்திருந்தன.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 80,000 ஏக்கருக்குக் கருவூலக் கட்டணம் 400 பவுண்டு. ஆண்டு நிலவரி 80 பவுண்டு. ஆர்க்னி எடுத்ததுபோக மிஞ்சும் சம்பளத்தில் வாழும் ஒருவருக்கு இது சும்மா தள்ளிவிடும் தொகை இல்லை. அந்தத் தொகையை நீக்கும் சட்டத்தில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர் அவர். அதன் கீழ் பட்டா வழங்கியவர் அவர். பினாமிகள் வழியாக நிலத்தைப் பெற்றவரும் அவர். நிலவரி ஏய்ப்பைத் தடுக்க வந்தவர், ஏய்க்கவே வேண்டாத ஒரு சட்டத்தை எழுதிக்கொண்டார். எதிரிகளான ஆலோசனைக் குழுக்காரர்கள் ஏன் தடுக்கவில்லை? அவர்களும் அதே சட்டத்தின் கீழ் மேற்கே நிலம் எடுத்தார்கள். பத்தாண்டாக இருந்த சண்டை வெளியூர் அதிகாரிக்கும் உள்ளூர் நிலக்காரர்களுக்கும் இடையிலானது. அதிகாரியே உள்ளூர் நிலக்காரர் ஆனதும் சண்டை போட ஆளில்லை.

பதவியின் கடைசி மாதங்களில் அவர் செய்த இன்னொரு காரியத்தை இதனோடு வைத்துப் படிக்க வேண்டும். 1722-இல் நியூயார்க்கின் ஆல்பனிக்குப் போய் ஐரக்வாய் கூட்டமைப்புடன் உடன்படிக்கை செய்தார். அவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் பொட்டோமாக் நதிக்குத் தெற்கே, ப்ளூ ரிட்ஜுக்குக் கிழக்கே வரக் கூடாது. பேச்சின் முடிவில் தன் மார்பிலிருந்த தங்க லாடத்தைக் கழற்றி அவர்களிடம் கொடுத்தார். வரும் தூதர் இதை அடையாளமாகக் கொண்டுவரலாம் என்றார். எல்லைக்கு அமைதி தந்த நல்ல ராஜதந்திரம். அந்த எல்லைக்குச் சற்றே உட்புறத்தில் 80,000 ஏக்கர் இருந்தது என்பதும் உண்மை. மலையடிவாரத்தில் முன்பு வாழ்ந்த மனஹோக் மக்கள் அந்த மேசையில் இல்லை. அவர்களில் மிஞ்சியவர்கள் வேறு குழுக்களோடு கலந்துபோயிருந்தார்கள்.

செப்டம்பரில் அவருடைய இடத்துக்குப் புதிய துணை ஆளுநராக டிரைஸ்டேல் வந்தார். அவர் ஸ்பாட்ஸ்வுட்டின் பட்டாக்களைப் பற்றி லண்டனுக்கு எழுதினார். சொத்தைக் காப்பாற்ற 1724-இல் ஸ்பாட்ஸ்வுட் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கேயே அந்த ஆண்டு ஆன் பட்லர் பிரெய்னைத் திருமணம் செய்துகொண்டார். மணமகனுக்கு வயது நாற்பத்தெட்டு. வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் நிலம் அவர் கையிலேயே தங்கியது. மனைவி மக்களோடு திரும்பி ஜெர்மானாவில் கட்டிய பெரிய வீட்டில் குடியேறினார்.

1732 செப்டம்பரில் அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். யார் தெரியுமா? பழைய எதிரி வில்லியம் பேர்ட். ஒரு காலத்தில் லண்டனில் உட்கார்ந்து ஸ்பாட்ஸ்வுட்டை நீக்க வேலை பார்த்தவர். இப்போது தன் நிலத்திலும் இரும்பு உலை வைக்கலாமா என்று கேட்க வந்திருந்தார். பேர்ட் எழுதிய பயணக் குறிப்பு வர்ஜீனியா இலக்கியத்தில் மிகச் சுவையான பக்கங்களில் சேரும். வீட்டை அவர் கேலியாக 'மந்திரக் கோட்டை' என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வரவேற்பறையில் பெரிய நிலைக்கண்ணாடிகள். வீட்டில் செல்லமாக வளர்ந்த மான் ஒன்று அதில் தன் உருவத்தைக் கண்டு பாய்ந்தது. கண்ணாடி நொறுங்கியது. மான் பின்னால் சரிந்து தேநீர் மேசைமேல் விழ, சீனத்துக் கோப்பைகளும் போயின. வீட்டம்மா முகம் சுளிக்கவே இல்லை என்று பேர்ட் வியக்கிறார். பழைய சர்வாதிகாரி மனைவிக்கு இவ்வளவு அடங்கிப்போய்விட்டாரே என்றும் சந்தோஷப்படுகிறார்.

வெளியே தெருவில், ஜெர்மானியர்கள் இருந்த இடத்தில் இடிந்த குடில்கள் மட்டுமே நின்றன. அவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். உலையில் இப்போது வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். ஓர் உலையைத் தடையில்லாமல் நடத்த நூறு அடிமைகளுக்கு மேல் வேண்டும் என்று ஸ்பாட்ஸ்வுட் விளக்குகிறார், பேர்ட் குறித்துக்கொள்கிறார். மரம் வெட்டுபவர்கள், கரி சுடுபவர்கள், கல் தோண்டுபவர்கள், வண்டியோட்டிகள், இவர்கள் எல்லாருக்கும் சோளம் பயிரிடுபவர்கள். வட அமெரிக்காவில் ஒழுங்காக இரும்பு உருக்கியவர்களில் தானே முதல்வர் என்று அவர் பெருமைப்படுகிறார். இரண்டு பெரிய மனிதர்களும் காளை, சுண்ணாம்பு, அடிமை என்று ஒரே மூச்சில் விலை பேசிக்கொள்வதைப் படிக்கும்போது, இருபதாண்டுப் பகை எதைப் பற்றியது என்றே வாசகருக்கு மறந்துவிடும்.

மீதி வாழ்க்கை அதிகாரி வாழ்க்கைதான், சிறிய அளவில். 1730 முதல் 1739 வரை அமெரிக்கக் காலனிகளுக்குத் துணைத் தபால் தலைவர். பிலடெல்பியாவின் தபால் அதிகாரி ஆண்ட்ரூ பிராட்ஃபோர்ட் கணக்குக் கொடுக்கச் சோம்பினார் என்று 1737-இல் அவரை நீக்கிவிட்டு, பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற அச்சக உரிமையாளரை அமர்த்தினார். அந்த வேலைக்குச் சம்பளம் குறைவு, ஆனால் அது தன் பத்திரிகைக்குச் சந்தாதாரர்களைச் சேர்த்தது என்று பிராங்க்ளின் தன் வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். பதவியிலிருந்து பக்க வருமானம் எடுப்பது அந்த நூற்றாண்டில் யாருக்கும் கூச்சமான விஷயம் இல்லை. ஸ்பெயினுக்கு எதிரான கார்டகேனா போருக்கு அமெரிக்கப் படை திரட்டும் பொறுப்பு கிடைத்து, அந்த வேலையின் நடுவே, 1740 ஜூன் 7-ஆம் தேதி அனாபலிஸில் இறந்தார். மந்திரக் கோட்டை அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எரிந்துபோனது.

அவரைப் பற்றிய எழுத்துகளைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டிய ஸ்பாட்ஸ்வுட்டை எடுத்துக்கொண்டது தெரிகிறது. 1880-களில் வர்ஜீனியா வரலாற்றுச் சங்கம் அவருடைய அலுவல் கடிதங்களை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றைப் படித்தவர்களுக்குக் கிடைத்தவர் ஓயாமல் உழைக்கும் நிர்வாகி. கடிதங்களை எழுதியவரே அவர்தானே. 1932-இல் லியோனிடாஸ் டாட்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு இன்றும் அடிப்படை நூல். நிலப் பட்டாக்களை மறைக்காமல் விவரிக்கும் அந்நூல், 1722-க்குப் பிந்தைய வாழ்க்கையைப் பின்னிணைப்புப் போலவே நடத்துகிறது. எட்மண்ட் மார்கன் 1975-இல் வர்ஜீனியாவின் அடிமை முறையைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு கேள்வியே திரும்பிவிட்டது: ஸ்பாட்ஸ்வுட் என்ன சட்டம் போட்டார் என்பதிலிருந்து, யாருடைய உழைப்பில் நிலம் நிலமானது என்பதற்கு. ஜெர்மானாவில் நடக்கும் அகழாய்வும், ஜெர்மானியக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் தோண்டியெடுத்த நீதிமன்றப் பதிவுகளும் அந்தத் திருப்பத்துக்கு உரம் சேர்த்தன.

என் பார்வையில் டாட்சன் குற்றத்தைக் குறைக்கவில்லை, ஆனால் பதவியையும் நிலத்தையும் இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்தது பிழை. எல்லைக் காவல், புதிய மாவட்டம், வரிவிலக்கு, ஆல்பனி உடன்படிக்கை என்று எல்லாமே பொது நன்மை என்று சொல்லத்தக்கவை. எல்லாமே ஒரே நிலத்தின் மதிப்பைக் கூட்டின. அவர் பொய் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. ஃபிளெட்சர் போன்றவர்கள் விதியை மீறினார்கள், பிடிபட்டார்கள். ஸ்பாட்ஸ்வுட்டுக்கு விதியை எழுதும் திறமை இருந்தது. சீர்திருத்தக்காரராக அவர் சேகரித்த நில அறிவுதான் நிலக்காரராக அவருக்கு மூலதனம். இரண்டு பேர் இல்லை, ஒரே ஆள்.

ஆளை மட்டும் குற்றம் சொல்லி முடிக்கவும் வழியில்லை. ஒப்பந்தம் முடிந்து ஸ்பாட்ஸ்வுட்டின் வழக்குகளிலிருந்து மீண்ட இரண்டாம் கூட்டத்து ஜெர்மானியர்கள், 1725 வாக்கில் மேற்கே ராபின்சன் நதிப் பள்ளத்தாக்குக்குப் போய்த் தங்கள் பெயரிலேயே பட்டா வாங்கினார்கள். லூத்தரன் சபை அமைத்தார்கள். பாதிரியாருக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் ஐரோப்பாவுக்கு ஆள் அனுப்பி நன்கொடை திரட்டினார்கள். ஸ்பாட்ஸ்வுட் இறந்த 1740-இல் அவர்கள் கட்டிய ஹெப்ரான் தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. நன்கொடையில் மிஞ்சிய பணத்தில் சபைக்கென்று ஒரு பண்ணை வாங்கினார்கள். அதில் பாடுபட அடிமைகளையும் வாங்கினார்கள்.